அந்த 48 மணி நேரத்தில் நாங்கள் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மலரில் ஷிஃப்ட் வேலை பற்றிய கட்டுரை பார்த்தேன். யோகா, வெந்நீர்க் குளியல் யோசனைகளுக்கு நன்றி. ஆனால் “விமானத் துறையினருக்கு வாரம் 48 மணி நேர ஓய்வு விதியாகவே வந்துவிட்டது, இனியும் அலுத்துக்கொள்வது பழக்கதோஷம்” என்று எழுதியிருக்கிறீர்களே, யாருக்கு ஐயா வந்துவிட்டது?

அது விமானிகளுக்கான விதி என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசின் டி.ஜி.சி.ஏ., அவர்களின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கியது. அதுவும் கோர்ட் வரை போய், 2025 ஜூலை, நவம்பர் என இரண்டு தவணையில்தான் அமலானது. டிசம்பரில் விமானங்கள் வரிசையாக ரத்தானதும் அதிலேயே சில பகுதிகளைத் தளர்த்தினார்கள். அப்போது விமானிகள் ஓய்வு கேட்டதுதான் குற்றம் என்கிற தொனியில் நீங்கள் தலைப்புப் போட்டதையும் மறக்கவில்லை. விமானிக்கே இந்தக் கதி. அந்த விமானத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் என் போன்ற பராமரிப்பு இன்ஜினியருக்கு அந்த விதியில் ஒரு வரியும் கிடையாது.

எங்கள் வேலையே விமானம் தூங்கும்போதுதான். நள்ளிரவை ஒட்டி வரும் நைட் ஹால்ட் விமானம், விடிவதற்குள் கிளம்பியாக வேண்டும். சக்கரம் மாற்ற வேண்டுமா, பிரேக் தேய்ந்திருக்கிறதா, எல்லாம் அதற்குள். மூன்றரை மணிக்கு வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஒரு போல்ட்டின் பார்ட் நம்பரைப் படித்தால், படித்தது மனசில் நிற்காது. மறுபடி படிக்க வேண்டும். 1990-ல் இங்கிலாந்தில் பறந்துகொண்டிருந்த விமானத்தின் முன்கண்ணாடி பிய்ந்து, கேப்டன் பாதி உடம்பு வெளியே தொங்க உயிர் பிழைத்தாரே, அந்தக் கண்ணாடி பர்மிங்ஹாமில் இரவு ஷிஃப்ட்டில் மாற்றியது. 90 போல்ட்டில் 84 விட்டம் குறைந்தவை. செய்தவர் அனுபவசாலிதான். அவருக்கும் பழக்கதோஷமோ என்னவோ!

பகல் தூக்கமும் தூக்கம்தான் என்கிறார் உங்கள் கட்டுரையாளர். ஆடி மாதம் எங்கள் தெருவில் ஒரு நாள் தங்கிப் பார்க்கட்டும். கூழ் ஊற்றும் மைக் ஓய்ந்தால் சிலிண்டர்காரர், அவர் போனால் கூரியர். நடுவே கீழ்வீட்டம்மா என் மனைவியிடம், “சார் பகல்ல வீட்டுலயேதான் இருக்காரு போல, வேலை இல்லையா?” என்று அக்கறையாக விசாரிப்பார். ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது ஷிஃப்ட் என்ற பட்டியல், கடைசி நேரத்தில் மாறியதால் சொந்தத் தங்கை வளைகாப்புக்கே போகவில்லை. அம்மாவிடம் இன்றுவரை பேச்சு வாங்குகிறேன்.

போகி தவறாமல் “புகையால் விமானங்கள் தாமதம், பயணிகள் அவதி” என்று மீனம்பாக்கம் படம் போடுகிறீர்கள். அதே புகையில் விடிய விடிய நிற்பவர்கள் அவதியில் சேர்த்தி இல்லை போலும். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் “விமானப் பராமரிப்பு படித்தால் கை நிறையச் சம்பளம்” என்று கல்வி மலரில் ஒரு பக்கம் வருகிறது. அதில் இரவு ஷிஃப்ட் பற்றி ஒரு வார்த்தை? இதைப் பற்றி முன்பு எழுதிய கடிதத்தை நீங்கள் பிரசுரிக்கவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கலாம்.

இந்த முறை பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 48 மணி நேரம் விமானிகளுக்கு மட்டும் என்று ஒரு திருத்தம், இரண்டு வரி, போடுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். ரோஸ்டர் போடுகிறவரும் உங்கள் வாசகர்தான்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்பு இன்ஜினியர் ஒருவர்,
பல்லாவரம்.