இரண்டு நிமிடம் இஞ்சினை நிறுத்துங்கள்: மலையகத்தில் படகு ஓட்டுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மவுஸ்ஸாக்கலையிலும் காசல்ரீயிலும் மீன்பிடிப் படகு வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும், நுவரெலியா கிரகரி வாவியில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப்போகும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நான் அட்டன் பக்கம் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் படம் பிடிக்கிறவன். உங்களிடம் ஒரு உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன். கமராவோடு யாராவது உங்கள் படகில் ஏறினால், படம் எடுக்கிற இடம் வந்ததும் இரண்டே இரண்டு நிமிடம் இஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

இதைக் கேட்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் மவுஸ்ஸாக்கலையில் தண்ணீர் நன்றாக வற்றிப்போயிருந்தது. 1960களின் பிற்பகுதியில் அணை கட்டி முடித்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனதும், கடும் வரட்சி வந்தால் அங்கே இருந்த கோயிலின் மிச்சம் வெளியே தெரிவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. என் அம்மாயி அந்த டவுனில் கடைக்குப் போய் வந்தவர், அந்தக் கோயிலில் கும்பிட்டவர். முழங்கால் வலியால் கரை வரைக்கும்கூட அவரால் இறங்க முடியவில்லை. "கோயிலைப் படம் எடுத்துக்கிட்டு வாய்யா, ஒரு தடவை பார்த்துக்கிறேன்" என்றார்.

கூட்டாளி ஒருவரிடம், தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் 200 மி.மீ. லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். நடுக்கத்தைத் தணிக்கும் வசதி உள்ள லென்ஸ். கெனன்காரர்கள் அதை ஐஎஸ் என்பார்கள், நிக்கோன்காரர்கள் விஆர் என்பார்கள். அது இருக்கிறதே என்ற தைரியத்தில் படகின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, இஞ்சின் ஓட ஓட நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் கல்லெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. தேறியது கடைசி ஏழு படங்கள் மட்டும். படகுக்கார அண்ணன் தன் வலையைப் பார்ப்பதற்காக இஞ்சினை அணைத்திருந்தபோது எடுத்தவை அவை. அதில் ஒன்றைத்தான் அம்மாயி மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். தான் செருப்பைக் கழற்றிவைத்த இடம் எது என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். லென்ஸுக்குள் சின்ன உணரி ஒன்று இருக்கிறது. கமரா எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அது அளக்கிறது. உடனே உள்ளே இருக்கிற கண்ணாடித் தொகுதி ஒன்று எதிர்ப்பக்கம் நகர்ந்து படத்தைப் பிடித்து நிறுத்துகிறது. சில கமராக்களில் கண்ணாடிக்குப் பதிலாக, படம் பதிகிற தகடான சென்சரே நகரும். மாற்று லென்ஸ் போடும் கமராக்களுக்கு இந்த வசதியைக் கெனன் 1995இல் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஸ்டொப்பும் படம் பதியும் நேரத்தை இரட்டிப்பாக்க இடம் கொடுக்கும். நான்கு ஸ்டொப் தாங்கும் என்று சொல்கிற லென்ஸில், 1/250 செக்கனில் எடுக்கவேண்டிய படத்தைக் கையில் வைத்தே 1/15இல் எடுக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு தரையில் நிற்கிறவனின் கைநடுக்கத்துக்குப் போட்ட கணக்கு.

படகில் ஏறினால் கதை வேறு. அலையில் படகு மெதுவாகச் சாயும்போது, கமராக்காரன் வேண்டுமென்றே கமராவைத் திருப்புகிறானா, படகுதான் சாய்கிறதா என்று லென்ஸுக்குப் பிரித்தறிவது கஷ்டம். 200 மி.மீ. லென்ஸ் முழு அளவு சென்சரில் மேலும் கீழுமாகப் பார்ப்பது ஏறத்தாழ 7 பாகைதான். படகு மூன்றரைப் பாகை சாய்ந்தால் பாதிப் படம் கைவிட்டுப் போய்விடும். அவ்வளவு பெரிய ஆட்டத்தை ஈடுகட்ட உள்ளே இருக்கிற கண்ணாடிக்கு இடமே இல்லை. படகு முன்னால் போகிற ஓட்டத்தையும் அது பிடிக்காது. அது அளப்பது திரும்புவதை, நகர்வதை அல்ல. செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் நீங்கள் ஓட்டினால், 1/50 செக்கனுக்குள் படகு 6 சென்ரிமீற்றர் போய்விடுகிறது. தூரத்தில் இருக்கும் சிவனொளிபாத மலைக்கு அது ஒன்றுமே இல்லை. பத்து மீற்றரில் இருக்கும் கோயில் சுவருக்கு அது பெரிய இழுப்பு.

இஞ்சின் அதிர்வுதான் என்னை ஏமாற்றிய விஷயம். பலகை வழியாக, ஃபைபர் வழியாக ஏறி, ஊன்றிய முழங்கைக்கு வந்து, அங்கிருந்து கமராவுக்குப் போகிறது. கைநடுக்கத்தைவிடப் பல மடங்கு வேகமான நடுக்கம் அது. ஃபோனில் எடுக்கிற பிள்ளைகளும் இதைக் கவனிக்கவேண்டும். மோட்டார் சைக்கிள் இஞ்சினின் பலமான அதிர்வு தொடர்ந்து பட்டால் ஐஃபோன் கமராவின் திறன் குறையலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. படகு இஞ்சினுக்குப் பக்கத்தில் ஃபோனை இறுக்கிக் கட்டிவைத்து வீடியோ எடுக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும்.

இந்த மூன்றில் இரண்டு உங்கள் கையில் இருக்கிறது. இஞ்சினை அணைத்தால் அதிர்வும் போய்விடுகிறது, ஓட்டமும் அடங்கிவிடுகிறது. மிஞ்சுவது அலையாட்டம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். காற்றுக்கு மேல்பக்கம் கொஞ்சம் தள்ளிப்போய் நிறுத்தினால் படகு தானாகவே இடத்தை நோக்கி மிதந்து வரும். ஆட்களை நடுவில் தாழ்வாக உட்காரச் சொல்லுங்கள். விளிம்பில் கை ஊன்றுகிறவனைக் கண்டால் உரிமையோடு அதட்டுங்கள்.

எங்கள் பக்கம் செய்யவேண்டியதை நாங்கள் செய்கிறோம். படகில் அந்த நடுக்கம் தணிக்கும் வசதியை அணைக்கத் தேவையில்லை. நிக்கோன் லென்ஸில் அக்டிவ் என்று ஒரு நிலை இருந்தால் அதற்கு மாற்றவேண்டும். ஓடும் வாகனத்திலிருந்து எடுப்பதற்கென்றே வைத்த நிலை அது. முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கவேண்டும். பொத்தானைப் பாதி அழுத்தி, படம் அமைதியாகும்வரை ஒரு செக்கன் பொறுத்து, அப்புறம்தான் முழுக்க அழுத்தவேண்டும். நீர்க்காகமோ மீன்கொத்தியோ என்றால் 1/1000 செக்கன் அல்லது அதைவிட வேகமாக வைத்து, ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளியுணர்திறனை, ஏற்றிக்கொள்ளவேண்டும். பறவை அசைந்தால் எந்த லென்ஸாலும் அதை நிறுத்த முடியாது. முக்காலி படகுக்கு வேண்டவே வேண்டாம். படகு நடுங்கினால் முக்காலியும் சேர்ந்து நடுங்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அணைக்கட்டுக்குக் கிட்ட, வான்கதவுப் பக்கம், அல்லது தென்மேல் பருவக்காற்று அடிக்கிற நாட்களில் இஞ்சினை நிறுத்தச் சொல்லி நாங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் மறுத்துவிடுங்கள். உயிர்காப்பு அங்கி போடாதவனை ஏற்றவே வேண்டாம். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

கூலி விஷயமும் இருக்கிறது. நீங்கள் நிறுத்திக் காத்திருக்கிற நேரம் உங்கள் பிழைப்பு நேரம். அந்த நேரத்தில் கிரகரி வாவியில் இன்னொரு சவாரி போயிருக்கும், மவுஸ்ஸாக்கலையில் இன்னொரு வலை பார்த்திருப்பீர்கள். அதனால் காத்திருப்புக்கும் சேர்த்து ஏறும்போதே கூலி பேசிக்கொள்ளுங்கள். பேரம் பேசுகிற கமராக்காரனிடம் இந்த மடலைக் காட்டுங்கள்.

தையும் மாசியும் வந்து தண்ணீர் இறங்கினால் நான் மறுபடியும் மவுஸ்ஸாக்கலைக்கு வருவேன். அம்மாயி இப்போது இல்லை. ஆனால் கோயிலின் மற்றப் பக்கத்தை நான் இன்னும் எடுக்கவில்லை. அம்மாயி செருப்பைக் கழற்றிவைத்த அந்தப் படியைக் கிட்டப்போய் எடுக்கவேண்டும்.

அன்புடன்,
அட்டனிலிருந்து ஒரு படப்பிடிப்பாளன்