ஆடி அமாவாசையும் உன் பாலைவனமும்

கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

உன் குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். ஆகஸ்டில் அமெரிக்காவின் டெத் வேலி பாலைவனப் பூங்காவுக்குப் படம் எடுக்கப் போகிறாயாம். "வன்னி வெயிலில் காய்ந்தவனை அந்த வெயில் என்ன செய்யும் அம்மா?" என்று சிரிக்கிறாய். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே இப்போது சோளகக் காற்று அடிக்கிறது. பாலைப்பழம் வந்துவிட்டது. வெயில் 35, 36 பாகை. சட்டை நனையும், காற்றுப் பட்டால் குளிரும். நீ வளர்ந்த வெயில் அவ்வளவுதான். அங்கே ஆகஸ்ட் பகலில் 46 பாகை சாதாரணமாம். 1913 ஜூலை 10இல் அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள ஃபர்னஸ் கிறீக்கில் 56.7 பதிவாகியிருக்கிறது. உடம்பின் சூடே 37தானே. அதைவிடச் சூடான காற்று அடித்தால் உடம்பு வேகும். வேர்வையும் தோலில் நிற்காமல் காய்ந்துவிடும், எவ்வளவு தண்ணீர் போனது என்று உனக்கே தெரியாது. சட்டை நனையவில்லையே என்று இருந்துவிடாதே.

அப்பாவின் இருட்டறை ஞாபகம் இருக்கிறதா? பிலிம் கழுவுகிற டெவலப்பர் மருந்து 20 பாகையில் இருக்கவேண்டும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். தொண்ணூறுகளில், கரண்ட் இல்லாத வன்னியில், 20 பாகைக்கு எங்கே போவது? நடுச்சாமத்தில் கிணற்றுத் தண்ணீர் அள்ளி மண்பானையில் ஊற்றி வைப்பார். பானை வேர்த்தால்தான் தண்ணீர் குளிரும் என்பார். வேர்க்கிற பானையில் தண்ணீர் குறைந்துகொண்டே போகும், ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அது என் வேலை. ஒரு தரம் அவசரப்பட்டுப் பகலில் கழுவி, ஒரு கலியாண ரோல் முழுவதும் பாலாடை மாதிரிச் சுருங்கிப் போனது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் இரண்டு மாதம் முழிக்க முடியவில்லை.

உன் உடம்பும் அந்தப் பானைதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றராவது வேண்டும் என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்களாம். நீ அதன் இரண்டு மடங்கைக் காரில் வை. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிராமல் உப்புள்ளதாகவும் ஏதாவது தின்னு.

அண்ணாவின் மகள் போனில் ஒரு செய்தி வாசித்துக் காட்டினாள். 2024 ஜூலையில் ஒருவர் அங்கேயுள்ள மெஸ்கீற் மணல்மேட்டில் செருப்பைத் தொலைத்துவிட்டு நடந்து, உள்ளங்கால் தோல் வெந்துபோனதாம். வெக்கையில் ஹெலிகொப்டரால் இறங்க முடியாமல், அவரை வண்டியில் மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்களாம். சப்பாத்துப் போடு. நீ வெள்ளைக்காரன் ஊருக்குப் போயும் செருப்போடுதான் திரிகிறாய் என்று எனக்குத் தெரியும்.

பகலில் என்ன படம் வரப்போகிறது? உச்சி வெயிலில் நிழலும் இல்லை, நிறமும் இல்லை. விடியும்போது ஸாப்றிஸ்கி பொயின்ற் மேட்டில் நில், பத்து மணிக்குமுன் பள்ளத்தை விட்டு ஏறிவிடு. பள்ளத்தின் அடியிலுள்ள பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 86 மீற்றர் கீழே, மலைமேலுள்ள டான்ரேஸ் வியூ 1,669 மீற்றர் மேலே. இரவுப் படத்துக்கு மேலேயே போ. அங்கே வெக்கை குறைவு. உனக்கும் நல்லது, கமெராவுக்கும் நல்லது. சென்சர் சூடேறினால் நீண்ட நேரப் படத்தில் இல்லாத நட்சத்திரமெல்லாம் புள்ளி புள்ளியாக வருமே. டிரோனை வீட்டில் வைத்துவிடு, அங்கே பறக்கவிடத் தடை.

கார் நின்றுவிட்டால் காரை விட்டு நடக்காதே. பல இடங்களில் போன் வேலை செய்யாது, கடதாசி வரைபடம் வைத்துக்கொள். மழை இருட்டினால் பள்ளமான பாதையில் இறங்காதே. பாலைவனத்தில் வெள்ளமா என்று சிரிக்காதே. 2022 ஆகஸ்ட் 5இல் ஒரு காலை மழையில் ஆயிரம் பேரளவில் உள்ளே மாட்டிக்கொண்டார்களாம்.

அப்புறம், நீ சொல்லாமல் விட்ட ஒன்று. கலண்டரைப் பார்த்தேன். ஆகஸ்ட் 12, ஆடி அமாவாசை. நிலா இல்லாத இரவு, எரிநட்சத்திரமும் கூடுதலாக விழுகிற இரவு என்று அந்த நாளைப் பிடித்திருக்கிறாய். அந்தக் காலத்தில் வன்னி முழுக்க இருட்டுத்தான். முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, பால்வெளியைப் பார்த்து அப்பா பெருமூச்சு விடுவார். வானம் சும்மா கிடந்தது, பிலிம்தான் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றிரண்டு ரோலும் கலியாணத்துக்கும் அடையாள அட்டைப் படத்துக்கும் போய்விடும். வானத்தை அவர் ஒரு தரமும் எடுக்கவில்லை.

ஆகவே போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு விரதம் பிடியாதே. வெறும் வயிற்றோடு அந்த வெக்கையில் நிற்கக்கூடாது. அண்ணா கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடி வருவான், காத்தோட்டிக்காய் நான் சமைத்துப் படைக்கிறேன். நீ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இருட்டினதும் தெற்குப் பக்கம் கமெராவைத் திருப்பு. உனக்கு இரவாகும்போது எங்களுக்கு மறுநாள் காலை. சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் முதலில் எனக்கு ஒரு சொல் அனுப்பு, படத்தைப் பிறகு அனுப்பலாம்.

அன்புடன்,
அம்மா