மூடி சுழன்று நிற்கும் வரை

தஞ்சாவூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நீ கேட்டிருந்ததற்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் ஒப்பாததால்தான் இவ்வளவு தாமதம். தொழில்வழிச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) படிக்கும் உன் இறுதியாண்டு மாணவர்கள் ஆட்டிசம் உள்ள குழந்தையோடு அறைக்குள் போன பத்து நிமிடத்தில் சோர்ந்துபோய் வெளியே வந்து, "குழந்தை ஒத்துழைக்கவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள் என வருந்தி, அவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். அந்தச் சொற்றொடரை நானும் பல ஆண்டுகள் எழுதியவள்தான். அதை எழுதுவதை விட்ட பிறகே என் வேலை எனக்குப் பிடிபடத் தொடங்கியது.

நான்கு மாதமாக வியாழக்கிழமைதோறும் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் வருகிறான். இரண்டு பேருந்து மாறி அம்மா அழைத்து வருகிறார். பேச்சு இன்னும் வரவில்லை. கையில் எப்போதும் ஒரு சிறிய எவர்சில்வர் மூடி இருக்கும். அதைத் தரையில் சுழற்றிவிட்டுக் குப்புறப் படுத்துக் காதைத் தரையோடு வைத்துக்கொள்வான். வேகம் குறைந்து மூடி தள்ளாடும்போது எழும் கடகடவென்ற ஓசை நெருங்கி நெருங்கி வந்து சட்டென்று அடங்கும். அந்த நொடியில் அவன் தோள்கள் ஒருமுறை சிலிர்க்கும். பிறகு மறுபடியும் எடுத்துச் சுழற்றுவான். இதற்கு முன்பு போன இடத்தில் மூடியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு மணி கோக்கச் சொன்னார்களாம். முக்கால் மணி நேரமும் அழுதானாம்.

முதல் இரண்டு வாரம் நான் எதையும் கற்றுத்தர முயலவில்லை. அவனிடமிருந்து நான்கடி தள்ளி அமர்ந்து இன்னொரு மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் என் மூடி அவனுடையதைவிட நீண்ட நேரம் சுழன்றபோது தலையைத் திருப்பினான். நான்காம் வாரம் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மூடியின்மேல் வைத்தான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. ஆனாலும் 'நீ சுழற்று' என்று அதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. அதன் பிறகு மூடியைச் சாய்மெத்தையின் உச்சியில் வைத்தேன். கைகளை ஊன்றி ஏறினான். துணிக் குகையின் மறுமுனையில் வைத்தேன், தவழ்ந்து போனான். திருகித் திறக்கும் டப்பாவுக்குள் போட்டுக் கொடுத்தேன். ஒரு கை டப்பாவைப் பிடிக்க, மறு கை திருகியது. மணி கோப்பதில் எதிர்பார்த்த இரு கை ஒத்துழைப்பு இதுதான் அல்லவா?

அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஐர்ஸ் 1972-இல் புலன் ஒருங்கிணைப்பைப் பற்றி எழுதியதை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். உட்செவியும் தசையும் மூட்டும் தோலும் அனுப்பும் செய்திகளை மூளை கோத்துக்கொள்ள வேண்டும் என்ற அந்த வரிகளுக்கு, ஓயாமல் சுவரில் மோதித் தன் உடலின் எல்லையைத் தேடும் ஒரு குழந்தையைப் பார்த்த பிறகே எனக்குப் பொருள் விளங்கியது. புலன் சார்ந்த வேறுபாடுகளை 2013-இல் வெளிவந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடு, ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் சேர்த்தது நமக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-இல், புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சைக்கான ஆய்வுச் சான்று இன்னும் போதாது, பெற்றோரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று எச்சரித்ததையும் மாணவர்களுக்குச் சொல். இந்தச் சிகிச்சையில் ஊஞ்சலில் ஆட்டுகிறோம், ஆனால் ஆடுவதே இலக்காகாது. ஆடிய பிறகு தட்டில் இருப்பதைத் தானே எடுத்துச் சாப்பிட முடிகிறதா, சட்டைப் பித்தானைப் போட முடிகிறதா என்பதைத்தான் அளக்க வேண்டும். ஆட்டும்போது முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ உடனே நிறுத்த வேண்டும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், களிமண்ணைத் தொடவே மறுத்த ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்து அதில் அழுத்தினேன். பழக்கினால் சரியாகிவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். அடுத்த வாரம் அவள் வாசல் கிரில் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு உள்ளே வர மறுத்தாள். அவளுடைய அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியவள் நான். லேசான தொடுகை சில குழந்தைகளுக்கு முள்ளாகக் குத்தும் என்பதும், அதே குழந்தையே அழுத்தமான அணைப்பில் அமைதியாகிவிடக்கூடும் என்பதும் பாடத்தில் படித்தவைதான். அந்தக் கையின் இறுக்கத்தில் அதை நான் படிக்கத் தவறினேன்.

கைபேசியில் பாட்டு போட்டு உட்காரவைக்கும் வழக்கத்தை உன் மாணவர்கள் கைவிட வேண்டும் என்பேன். குழந்தை உட்கார்ந்திருக்கும், நம்மோடு இருக்காது. "என்னைப் பார்" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவதும் வேண்டாம். கண்ணோடு கண் பார்ப்பது வலிக்கிறது, பார்த்துக்கொண்டே கேட்பது இயலாது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லிவருகிறார்கள். அவர்களுடைய சொல்லுக்கு மேல் நமக்கு என்ன சான்று வேண்டும்? அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படமாகக் காட்டி, முடியப் போவதை முன்னதாகவே சொல்லிவிட்டாலே பாதி அழுகை குறைகிறது.

வீட்டுப் பயிற்சிக்கு விலையுயர்ந்த பொருள்களை நான் எழுதித் தருவதில்லை. இடியாப்பக் குழலை அழுத்துவது, சப்பாத்தி மாவு பிசைவது, தண்ணீர்க் குடத்தை நகர்த்துவது ஆகியவை தசைக்கும் மூட்டுக்கும் தேவையான கனமான வேலைகள். பல்லாங்குழியில் சோழியை ஒவ்வொன்றாகப் போடுவதில் விரல் நுனிப் பிடியும், தன் முறை வரும்வரை காத்திருப்பதும் சேர்ந்தே வருகின்றன. மிக்சி ஓசைக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையின் வீட்டில், போடுவதற்கு முன் சொல்லிவிட்டுப் போடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்களுக்கு ஒன்று செய்து பார். முதல் இரண்டு அமர்வுகளில் எதையும் செய்யச் சொல்லாமல், குழந்தை தானாக எதை நாடுகிறது, எதிலிருந்து விலகுகிறது, எவ்வளவு நேரம் என்று மட்டும் எழுதட்டும். அந்தக் குறிப்புகளில் சிலவற்றை, பெயர்களை நீக்கிவிட்டு, எனக்கு அனுப்பு.

ஓர் உதவியும் வேண்டும். என் அறையின் ஊஞ்சல் இரண்டு கொக்கிகளில் தொங்குவதால் முன்னும் பின்னும் மட்டுமே ஆடுகிறது. போன வியாழன் அந்தச் சிறுவன் ஊஞ்சலில் வயிறு படியப் படுத்து, கயிறுகளைத் தானே முறுக்க முயன்றான். மூடி சுழல்வதைப் போலத் தானும் சுழன்று பார்க்க ஆசைப்பட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கல்லூரியில் சுழலும் கொக்கி பொருத்தியவர் யார், எவ்வளவு எடை தாங்கும் என்று விசாரித்து எழுது. வீட்டு உரிமையாளர் உத்தரத்தில் துளையிட ஒப்புக்கொண்டுவிட்டார்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி