ஃபங்க்ஸ் குரோவ் மாட்டுக்காரர்

அன்புள்ள ராஜாமணி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சின்னவளுக்கு வரன் முடிந்ததை இரண்டே வரியில் எழுதி நிறுத்திவிட்டாயே, அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. நாங்கள் இங்கே இல்லினாயில், ப்ளூமிங்டன் ஊரில் மகள் வீட்டில் சுகம்.

இங்கே வந்ததிலிருந்து ஒரு மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் ஐசக் ஃபங்க். ஊருக்குத் தென்மேற்கே அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே ஒரு தோப்பு இருக்கிறது, ஃபங்க்ஸ் குரோவ். உன் அப்பா காலத்திலிருந்தே மாட்டு வியாபாரம் பார்த்த குடும்பம் உங்களுடையது. உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

1797இல் கென்டக்கியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. 1824இல் சகோதரர் அப்சலோமோடு வந்து இந்தத் தோப்போரம் குடியேறினார். ஆளில்லாத பூமிக்கு வந்தார் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிக்கப்பூ என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த மண் இது. 1819இல் ஓர் ஒப்பந்தத்தின் பேரில் அமெரிக்க அரசு அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. அப்புறம்தான் அரசு நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலருக்கு வந்தேறிகளுக்குக் கிடைத்தது. ஃபங்கின் உழைப்பைப் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

சுற்றிலும் ஆளுயரப் புல்வெளி, நல்ல கரிய மண். மக்காச்சோளம் அமோகமாக விளையும். ஆனால் அதை வண்டியில் ஏற்றித் தூரத்துச் சந்தைக்குக் கொண்டுபோனால் கிடைக்கிற விலை கூலிக்கே சரியாகிவிடும். மாட்டுக்குப் போட்டால் அந்தச் சோளம் மாட்டின் காலாலேயே சந்தைக்குப் போய்விடும். அந்தக் காலத்து இல்லினாய் மாட்டுக்காரர்கள் பிழைத்தது இந்தக் கணக்கில்தான். கோடையில் வெட்டவெளியில் மேய்ச்சல். குளிர்காலத்தில், கட்டி நிறுத்தியிருக்கும் சோளத்தட்டையைக் கதிரோடு வயலில் இழுத்துப் போடுவார்கள். கொட்டகையெல்லாம் கிடையாது. மாடு சிந்தியதையும், சாணத்தில் செரிக்காமல் விழுந்த சோளத்தையும் தின்னப் பின்னாலேயே பன்றிகளை விடுவார்கள். ஒரு மணி வீணாகாது!

கொழுத்த மாடுகளையும் பன்றிகளையும் சிகாகோவுக்கு நடத்தியே ஓட்டிப் போனார்கள். 130 மைலுக்கு மேல். வழியெல்லாம் சேறும் ஆறும். மாடு மெலியாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் என்ன பாடு இருக்கிறது என்று உனக்குத் தெரியும். 1853இல்தான் ப்ளூமிங்டனுக்கு ரயில் வந்தது.

1836 டிசம்பர் 20 பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையெல்லாம் மழை, தரையெங்கும் பனிச்சேறு. திடீரென்று வடமேற்கிலிருந்து ஒரு காற்று. நனைந்த துணி உடம்பிலேயே விறைத்துப்போனதாம். கோழியும் வாத்தும் கால் சேற்றில் உறைந்து நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டன. வெளியே இருந்த மாடுகளும் வழியில் அகப்பட்ட மனிதர்களும் செத்தார்கள். நடு இல்லினாய் முழுக்க இந்தக் கதைதான்.

இத்தனைக்கும் நடுவில் ஃபங்கின் மனைவி கசாண்ட்ரா ஷார்ப் குடும்பம் நடத்தினார். 1826இல் கல்யாணம். எட்டு மகன்கள், ஒரு மகள் வளர்ந்து ஆளானார்கள். ஜார்ஜ் வாஷிங்டன், லாஃபயட், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்று விடுதலைப் போர்க்காலத்துப் பெயர்களாகப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். கணவர் மாடு ஓட்டிப் போன நாட்களில் வீட்டைத் தாங்கியவர் அந்த அம்மாள். அவரைப் பற்றி எழுதிவைத்தது மிகக் கொஞ்சம். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

கடைசியில் ஃபங்கின் கையில் சுமார் 25,000 ஏக்கர் இருந்தது. லிங்கனுக்கு வேண்டியவர். மாநில மேல்சபை உறுப்பினராகவும் ஆனார். உள்நாட்டுப் போர் நடந்த 1863 பிப்ரவரியில், போரை எதிர்த்தவர்கள் சபையில் இழுத்தடிப்பதைப் பொறுக்க முடியாமல் எழுந்தார். மேசையில் ஓங்கிக் குத்தி, எனக்கு வயது 65, எந்த ஆயுதத்தோடும் மோதத் தயார், வாருங்கள் என்றார். அந்தப் பேச்சு பல ஊர்ப் பத்திரிகைகளில் வெளியானது.

1865 ஜனவரி 29 அன்று இறந்தார். சில மணி நேரத்தில், அதே நாளில், கசாண்ட்ராவும் போய்விட்டார். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியம், ராஜாமணி. அதைப் படித்துவிட்டு என் மகளிடம்கூட உடனே சொல்லத் தோன்றவில்லை, அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே வருஷம் கிறிஸ்துமஸ் அன்றுதான் சிகாகோவில் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற பிரம்மாண்ட மாட்டுச் சந்தை திறந்தது. பெஞ்சமின் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனார். ஐசக்கின் பேரன் யூஜீன் 1901இல் விதை நிறுவனம் தொடங்கினார், வீரிய ஒட்டுச் சோளத்தில் பேர் பெற்ற நிறுவனம். அந்தத் தோப்பின் மேப்பிள் மரங்களில் இன்றும் பாகு காய்ச்சுகிறார்கள்.

லாஃபயட் 1864இல் கட்டிய வீடு இப்போது அருங்காட்சியகம். அடுத்த மாதம் கூட்டிப்போவதாக மருமகன் சொல்லியிருக்கிறார். அங்கே உனக்காக எதையாவது விசாரிக்க வேண்டுமென்றால் அதற்குள் எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சண்முகம்