'பெட்டை 20' என்று எழுதிய பெட்டி

குஞ்சு பொரிப்பக நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். வைகாசியில் நான் வாங்கிய இருபது கோழிக்குஞ்சுகளின் கதை உங்களுக்குத் தெரியும். நான்கு முறை போன் பண்ணினேன், கடைசி இரண்டு முறை எடுக்கவில்லை. உங்களிடம் குஞ்சு வாங்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் நீலப் பேனாவில் 'பெட்டை 20' என்று எழுதி, அதற்காகக் குஞ்சுக்குப் பத்து ரூபாய் கூடவும் வாங்கிக்கொண்டீர்கள். ஏழாவது வாரமே கொண்டை சிவந்தது. கேட்டதற்கு, "எங்க பெட்டைக்குக் கொண்டை கொஞ்சம் பெரிசாத்தாங்க வரும்" என்றார் உங்கள் ஆள். சரி என்று விட்டேன். பத்தாவது வாரம் ஒரு விடிகாலையில், துருப்பிடித்த அடிபம்பை யாரோ அடிக்கிற மாதிரி கூண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில், சேவலுக்கு வருகிற மாதிரி ஊசி ஊசியாக இறகு தொங்க ஆரம்பித்திருந்தது. இருபதில் 17 சேவல்!

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். என் வீட்டில் மூன்று பெட்டைக்குப் பதினேழு. இப்போது அந்த மூன்றுக்கும் முதுகில் இறகே இல்லை, தோல் சிவந்து கிடக்கிறது. மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டுப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்று, பஞ்சாரத்தைத் தூக்கினாலே ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் ஓடி ஒடுங்கிக்கொள்கிறது. இருட்டும்வரை தீனிக்குக்கூட வெளியே வருவதில்லை. சேவல்களை வியாபாரி கேட்கும் விலைக்குக் கொடுத்தால் தீனிச் செலவே தேறாது. பிள்ளை பெற்று வந்திருக்கும் பக்கத்து வீட்டு மருமகளுக்கு நாட்டு முட்டை தருவதாகச் சொல்லியிருந்தேன். முட்டையைக் கடையில் வாங்குகிறார்கள்; நான்கு மணிக்கே குழந்தையை எழுப்பிவிடும் வேலையை மட்டும் நம் சேவல்கள் இலவசமாகச் செய்கின்றன.

"பாதிக்குப் பாதி வர்றது இயற்கைதானேம்மா" என்றீர்கள். ரொம்பச் சரி. சேவல், பெட்டை என்று பிரிக்காமல் கைக்கு வந்ததை அள்ளிப் போட்டிருந்தால் பத்துக்குப் பத்து, பன்னிரண்டுக்கு எட்டு என்று அதை ஒட்டித்தான் பெரும்பாலும் வந்திருக்கும். கண்ணை மூடி அள்ளி இருபதில் பதினேழோ அதற்கு மேலோ சேவலாக வர, எழுநூற்றுச் சொச்சம் பெட்டிக்கு ஒரு பெட்டிதான் அமையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான் என் மகன். அப்படியானால் உங்களுக்குப் பிரிக்கத் தெரிந்திருக்கிறது. எந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புவது என்பதில்தான் கை மாறியிருக்கிறது.

தெரியாமல் இருக்கவும் வழியில்லை. குஞ்சின் பின்புறத்தை விரித்து, உள்ளே மணி மாதிரியுள்ள சின்னப் புடைப்பைப் பார்த்துப் பிரிக்கும் முறையை ஜப்பானில் மசுய், ஹாஷிமோட்டோ என்ற ஆய்வாளர்கள் 1920களிலேயே சொல்லிவிட்டார்கள். அதற்கென்றே இணைசேர்த்த இனமானால் முதல் நாளே இறக்கையை விரித்துப் பார்க்கலாம்: பெட்டைக்கு இறகுகள் நீளமும் குட்டையுமாக, சேவலுக்கு ஒரே மட்டமாக இருக்கும். சிறுவிடை மாதிரி நாட்டுக்கோழிக் குஞ்சில் அது பலிக்காது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஜெர்மனியில் 2022 முதல் முட்டையினச் சேவல் குஞ்சுகளைக் கொல்லத் தடை. முட்டைக்குள்ளேயே பார்த்துப் பிரிக்கும் அளவுக்கு அங்கே போய்விட்டார்கள். உங்கள் ஆளோ, நூலில் மோதிரம் கட்டிக் குஞ்சின் தலைக்கு மேல் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்கிறார். கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று எங்கள் அப்பத்தாவும்தான் பொறுக்கி அடை வைத்தாள். பாதி சேவலாகத்தான் வந்தது. ஆனால் அதற்கு அவள் யாரிடமும் பத்து ரூபாய் வாங்கவில்லை.

குஞ்சு என்று இல்லை, எல்லாமே இப்படித்தான் ஆகிவிட்டது. நாற்றுப் பண்ணையில் நம்பி வாங்கிய பப்பாளி பூத்த பிறகுதான் ஆண் மரம் என்று தெரிகிறது. திருவிழாவில் ஊதாவும் பச்சையுமாகச் சாயம் பூசி, முட்டையினத்துச் சேவல் குஞ்சுகளைக் குழந்தைகள் தலையில் கட்டுகிறார்கள். வாங்குகிறவர் வளர்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என்ன வியாபாரமோ. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

நான் கேட்பது இதுதான். பிரித்த குஞ்சா, பிரிக்காத குஞ்சா என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். பிரித்தது என்றால் எத்தனை தவறலாம் என்பதையும், அதற்கு மேல் சேவல் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிரிக்காதது என்றால் பத்து ரூபாய் வாங்காதீர்கள். எனக்கு, வாங்கிய கூடுதல் பணத்தைத் திருப்பித் தந்து, முட்டைக்கு வரும் பருவத்தில் பத்து விடைக்கோழி கொடுத்தால் போதும். தயவுசெய்து ஐப்பசிக்குள் பதில் சொல்லுங்கள்.

பெட்டியைப் பரண்மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீல மை இன்னும் அழியவில்லை.

இப்படிக்கு,
இருபது பெட்டைக்குப் பணம் கட்டியவள்