டஸ்கனி மலைநகர ஒருநாள் சுற்றுலாவில் சேவைக் குறைபாடு: ₹7,200 திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
முதுகலைக் கட்டடக்கலை மாணவி,
புளோரன்ஸ், இத்தாலி.
(நிரந்தர முகவரி: தஞ்சாவூர்)

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை நடந்த 'மூன்று மலைநகரங்கள்' ஒருநாள் சுற்றுலா, விளம்பரத்தில் கூறியபடி நடத்தப்படாதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஒரு பருவத்துக்குப் பரிமாற்ற மாணவியாகப் புளோரன்ஸில் தங்கிப் படித்துவரும் நான், சியெனா, மொன்டெரிஜ்ஜோனி, சான் ஜிமிஞ்ஞானோ ஆகிய மூன்று ஊர்களையும் ஒரே நாளில் காட்டுவதாகத் தாங்கள் அறிவித்திருந்த சுற்றுலாவுக்குத் தங்கள் சென்னை அலுவலகத்தின் வழியாக ₹11,500 செலுத்தி முன்பதிவு செய்தேன். இந்த ஊர்களுக்குப் புளோரன்ஸிலிருந்து சாதாரணப் பேருந்திலேயே போய்வரலாம் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆயினும், பழக்கமில்லாத நாட்டில் தனியாக அலைய வேண்டாம் என்று வீட்டில் சொன்னதாலும், உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியும் தமிழில் விளக்கமும் உண்டு என்று தங்கள் கையேட்டில் அச்சிட்டிருந்ததாலும், மாணவியின் கைக்குச் சற்றுப் பெரிய தொகை என்றாலும் அதைக் கட்டினேன்.

தங்கள் பயண நிரல் சியெனாவுக்கு 3 மணி நேரமும், மொன்டெரிஜ்ஜோனிக்கு 45 நிமிடமும், சான் ஜிமிஞ்ஞானோவுக்கு 2 மணி நேரமும் ஒதுக்கியிருந்தது. மொத்தம் 345 நிமிடம். அன்று நாங்கள் ஊர்களுக்குள் இருந்தது 95 நிமிடம் மட்டுமே. இது நினைவிலிருந்து சொல்லும் கணக்கு அல்ல; ஒவ்வோர் இடத்திலும் நான் எடுத்த புகைப்படங்களில் பதிவாகியுள்ள நேரத்தைக் கொண்டு கணக்கிட்டு, அப்படங்களின் நகல்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

காலை 8 மணிக்குப் புறப்பட வேண்டிய பேருந்து, இரண்டு விடுதிகளில் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது மணி 8:45. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். கூட்டமாகப் போகும் பயணத்தில் அது நடப்பதுதான். சியெனாவின் பழைய நகருக்குள் சுற்றுலாப் பேருந்துகள் நுழைய முடியாது என்பதால், 10:15-க்கு வெளியே நிறுத்திவிட்டு இருபது நிமிடம் மேடேறி நடக்க வேண்டியிருந்தது. இந்த ஏற்றத்தைப் பற்றித் தங்கள் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த வயதான தம்பதியர் பாதி வழியில் ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தவர்கள், நாங்கள் திரும்பி வரும்வரை அங்கேயே இருந்தார்கள். கீழ்ப்பகுதியிலிருந்து மேல்நகருக்கு ஏறுவதற்கு அந்த ஊரில் நகரும் படிக்கட்டுகள் அமைத்திருக்கிறார்கள் என்பது உடன் வந்த டூர் மேனேஜருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பியாஸ்ஸா டெல் கம்போ சதுக்கத்தை 10:35-க்கு அடைந்த எங்களுக்குக் கிடைத்தது 50 நிமிடம். 1287 முதல் 1355 வரை சியெனாவை ஆண்ட ஒன்பதின்மர் ஆட்சியை நினைவூட்டும் வகையில் ஒன்பது பகுதிகளாகப் பிரித்துச் செங்கல் பாவிய, சிப்பியின் உட்புறம் போல ஒரு பக்கமாகச் சரியும் சதுக்கம் அது. அந்தச் சரிவு முடியும் இடத்தில் நிற்கும் பலாஸ்ஸோ பப்ளிகோ மாளிகைக்குள், அந்த ஒன்பதின்மர் கூடிய அறையின் சுவர்களில், 1338–39-இல் அம்ப்ரோஜியோ லொரென்ஸெட்டி தீட்டிய நல்லாட்சி, கொடுங்கோலாட்சி ஓவியங்கள் இருக்கின்றன. 'லொரென்ஸெட்டி சுவரோவியங்களைக் கண்டு மகிழ்தல்' என்று தங்கள் நிரலில் தடித்த எழுத்தில் போட்டிருந்ததை நம்பி நான் நுழைவாயிலை நோக்கி நடந்தபோது, உள்ளே போக நேரமில்லை என்றும், வெளியிலிருந்து மாளிகையைப் படமெடுத்துக்கொள்ளலாம் என்றும் டூர் மேனேஜர் கூறினார். சுவரோவியத்தை வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

வாக்களித்த உள்ளூர் வழிகாட்டி வரவே இல்லை. இத்தாலியில் நினைவுச்சின்னங்களை விளக்கிக் காட்டும் உரிமம் பெற்ற வழிகாட்டி வேறு, பயணக் குழுவைக் கூட்டிச் செல்பவர் வேறு என்பது சுற்றுலாத் தொழில் செய்யும் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இடத்தை நிரப்ப முயன்ற தங்கள் டூர் மேனேஜர், பேராலயத்தின் அருகே கூரையின்றி நிற்கும் பெருஞ்சுவரைக் காட்டி, அது நிலநடுக்கத்தில் இடிந்த பகுதி என்றார். அது இடிந்ததன்று, கட்டி முடிக்கப்படாதது. பேராலயத்தையே புதிய கட்டடத்தின் குறுக்குப் பகுதியாக ஆக்கிவிடும் அளவுக்குப் பெரிதாக்க 1339-இல் முடிவெடுத்து வேலையைத் தொடங்கிய நகரம், 1348-இல் பரவிய கொள்ளைநோயில் நிலைகுலைந்து, அந்த வேலையைப் பிறகு கைவிட்டது. லொரென்ஸெட்டியும் அந்த நோய்க்குத்தான் பலியானார் என்று கருதப்படுகிறது. இவை தெரியாதது அவர் குற்றமில்லை. தெரிந்தவரை அனுப்புவதாகச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு அனுப்பாதது தங்கள் குற்றம்.

11:50-க்குப் புறப்பட்ட பேருந்து, நிரலில் 'பண்ணை வீட்டில் மதிய உணவு, 1 மணி நேரம்' என்று குறிப்பிட்டிருந்த இடத்தை 12:15-க்கு அடைந்தது. உணவு நாற்பது நிமிடத்தில் முடிந்தது. சைவ உணவு வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதிக் கொடுத்திருந்த எனக்கு, பன்றி இறைச்சித் துண்டை உருவி எடுத்துவிட்டு மிச்சமிருந்த ரொட்டியைத் தந்தார்கள். அதன் எண்ணெய்ப் பிசுக்கும் வாடையும் ரொட்டியிலேயே இருந்தன. நான் பழம் தின்று சமாளித்தேன். அதன்பின், நிரலில் எங்குமே இல்லாத வகையில், அதே வளாகத்தில் உள்ள தோல் ஆடை, ஆலிவ் எண்ணெய், திராட்சை மதுக் கடைக்குள் எங்களை அழைத்துச் சென்று நூறு நிமிடம் நிறுத்திவைத்தார்கள். கதவு பூட்டப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் சுற்றிலும் கொடித்தோட்டமும் நெடுஞ்சாலையுமாக இருந்த இடத்தில், பேருந்து கிளம்பினாலன்றி நாங்கள் போவதற்கு வேறு இடமில்லை. ஆக, மூன்று ஊர்களிலும் சேர்த்து நாங்கள் இருந்ததைவிட அந்த ஒரு கடையில் ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்தோம்.

மொன்டெரிஜ்ஜோனிக்குள் நாங்கள் போகவே இல்லை. 1213-இல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள், புளோரன்ஸுக்கு எதிரான எல்லைக்காவலாகச் சியெனா கட்டியெழுப்பிய சிறு கோட்டை ஊர் அது. சுமார் 570 மீட்டர் சுற்றளவுள்ள மதில், அதில் 14 கோபுரங்கள், உள்ளே ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், சில வீடுகள், அவ்வளவுதான். வளையமாக நிற்கும் அந்தக் கோபுரங்களைத்தான் இத்தாலியக் கவிஞர் டான்டே தம் நரகக் காண்டத்தின் 31-ஆம் பாடலில், குழியைச் சுற்றி இடுப்பளவு தெரியும்படி நிற்கும் அரக்கர்களுக்கு உவமையாக்கினார். மதிலின் மேல் நடப்பதாகத் தங்கள் கையேடு படத்துடன் கூறுகிறது. எங்களுக்கு வாய்த்ததோ, சாலையோரத் தடுப்புக் கம்பிக்கு இப்பால் பத்து நிமிடம் நின்று, தொலைவில் தெரிந்த மதிலைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்ப்பது.

சான் ஜிமிஞ்ஞானோவில்தான் எனக்கு வேலை இருந்தது. அங்குள்ள சிஸ்டெர்னா சதுக்கத்தின் கிணற்றை அளந்து வரைபடம் போட்டுத் தர வேண்டும் என்பது என் பருவ ஒப்படைப்பு. 1273-இல் வெட்டி 1346-இல் விரிவாக்கப்பட்ட அந்தக் கிணற்றின் எண்கோணக் கைப்பிடிச் சுவரில், பல தலைமுறைகள் நீர் இறைத்த கயிறு அறுத்த தடங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு தடத்தில் என் சுண்டுவிரல் முழுதாகப் படிந்தது. தஞ்சை மாவட்டத்தில் எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லைக் கிணற்றிலும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணியபடி அளவு நாடாவை விரித்து, எட்டுப் பக்கங்களில் மூன்றை அளந்து முடிக்கும்போது, பேருந்துக்குத் திரும்பும்படி அழைப்பு வந்துவிட்டது. அந்த ஊரில் எங்களுக்குக் கொடுக்கப்பட்டது 45 நிமிடம்.

கட்டணத்தில் டோரே கிரோஸ்ஸா கோபுரத்தின் நுழைவுச்சீட்டும் அடக்கம். 1311-இல் கட்டி முடிக்கப்பட்ட, 54 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தில் ஏறி இறங்குவதோடு கிணறு, ஆலயம் எல்லாவற்றையும் 45 நிமிடத்துக்குள் பார்த்துவிட முடியாது என்பதால் எங்கள் குழுவில் ஒருவரும் ஏறவில்லை. கிழிக்கப்படாத என் சீட்டின் நகல் இணைப்பில் உள்ளது. எதிரிகள் வருவதைக் கண்காணிக்கக் கட்டியவை இந்தக் கோபுரங்கள் என்ற டூர் மேனேஜரின் தவறான விளக்கத்தையும் அங்கே கேட்க நேர்ந்தது. ஒருவரையொருவர் விஞ்சிக் காட்டப் பணக்காரக் குடும்பங்கள் எழுப்பிய கோபுரங்கள் அங்கே ஒரு காலத்தில் 70-க்கும் மேல் இருந்தன என்பதும், இன்று 14 எஞ்சியிருக்கின்றன என்பதும், யுனெஸ்கோ அந்த நகரை 1990-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது என்பதும் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும் செய்திகள்.

இவற்றைத் தொலைபேசியில் தெரிவித்தபோது தங்கள் அலுவலகத்தில் இரண்டு பதில்கள் கூறப்பட்டன. சாலை நெரிசலால் நேரம் போனது என்பது முதலாவது. நெரிசலில் சிக்கிய பேருந்து தாமதமாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் இரவு 7 மணிக்குப் புளோரன்ஸ் திரும்ப வேண்டிய நாங்கள் 6:10-க்கே திரும்பிவிட்டோம். அந்த 50 நிமிடத்தைச் சான் ஜிமிஞ்ஞானோவில் கொடுத்திருந்தால் என் வரைபடமாவது முடிந்திருக்கும். ஓட்டுநரின் பணிநேர விதி இடம் தரவில்லை என்பது இரண்டாவது. நான்கரை மணி நேரம் ஓட்டிய பின் 45 நிமிட ஓய்வு என்பதும், வழக்கமாக ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள். அன்று பேருந்து ஓடியது மொத்தம் நான்கு மணி பத்து நிமிடம். சொல்லப்போனால், அந்தப் பயணத்தில் தம் வேலையைச் சரியாகச் செய்தவர் ஓட்டுநர் ஒருவரே. அந்தக் கும்பகோணம் தம்பதியரைச் சியெனாவில் கைத்தாங்கலாகப் பேருந்தில் ஏற்றிவிட்டவரும் அவர்தான். தவற்றை அவர் தலையில் சுமத்துவதை நான் ஏற்கவில்லை.

இன்னொன்றையும் கூற வேண்டும். அக்டோபர்ப் பயணத்துக்கான விளம்பரத்தில் சியெனாவின் பாலியோ குதிரைப் பந்தயப் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பந்தயம் ஆண்டுதோறும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய இரு நாள்களில் நடப்பது. எங்களுடன் வந்தவர்களில் இருவர், குதிரைகள் எப்போது வரும் என்று கம்போவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் நான் தனியாகவே போனேன். புளோரன்ஸிலிருந்து நேர்ப் பேருந்தில் சியெனாவுக்கும், மறுநாள் பொஜ்ஜிபோன்ஸியில் மாறிச் சான் ஜிமிஞ்ஞானோவுக்கும் சென்றுவந்த இரண்டு நாள் பேருந்துக் கட்டணம், தங்களிடம் கட்டியதில் பாதிகூட ஆகவில்லை. லொரென்ஸெட்டியின் சுவரின் முன் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றேன். அந்த ஓவியத்தில், நீதியின் தராசுத் தட்டுகளிலிருந்து இறங்கும் கயிற்றை ஒற்றுமை என்னும் பெண் வாங்கி, இருபத்து நான்கு குடிமக்களின் கையில் வரிசையாகக் கொடுக்கிறாள். மேடுபள்ளத்தைச் சமமாக்கும் தச்சனின் இழைப்புளி அவள் மடியில் கிடக்கிறது. ஒப்படைப்பும் முடிந்தது, ஆனால் கெடு தாண்டிக் கொடுத்ததால் மதிப்பெண்ணில் குறைத்துவிட்டார்கள். அதற்கு இழப்பீடு கேட்கப்போவதில்லை.

நான் கேட்பது இதுதான். பேருந்துக்கும் உணவுக்கும் உரியது என்று ₹4,300-ஐக் கழித்துக்கொண்டு, மீதி ₹7,200-ஐ இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்த வேண்டும். கடையில் நிறுத்தும் நேரத்தையும், சியெனாவில் ஏறி நடக்க வேண்டிய தொலைவையும் பயண நிரலில் வெளிப்படையாக அச்சிட வேண்டும். நுழையாத ஊரை 'காணும் இடங்கள்' பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகத் தங்கள் ஊழியர் கூறியதை நான் ஏற்கவில்லை என்பதை எழுத்து மூலமாகவும் தெரிவிக்கிறேன்.

மேற்கண்ட காலத்துக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இடமளிப்பதால், என் தந்தைக்கு அதிகாரப் பத்திரம் அளித்து, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை ஆகிய காரணங்களின் கீழ்ப் புகார் அளிக்க வேண்டிவரும். பணம் செலுத்திய ரசீது, பயண நிரல், நேரத்துடன் கூடிய புகைப்படங்கள், பயன்படுத்தப்படாத கோபுரச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். அசல்கள் என்னிடம் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: புளோரன்ஸ்