வாய்க்கால் தண்ணீரைக் கேட்டாய்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு மட்டக்களப்பில் வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மாரி தொடங்கிவிட்டது. உப்புவெளியில் உல்லாசப் பயணிகளைக் காணோம். மற்றபடி பழைய கதைதான்.

தம்பியார் தம்பலகாமத்து வயலுக்கு மருந்தடித்த பிறகு, வாய்க்கால் தண்ணீரின் நஞ்சை அங்கேயே பார்க்க வழி உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு, ஆனால் பெரும்பாலும் ஆய்வுகூடத்துக்குள்தான்.

எனக்குப் பிடித்தது வெளிச்சத்தில் வேலை செய்யும் உணர்கருவி வகை. கட்மியம் சல்பைட்டு போன்ற குறைகடத்தித் துகள்களை மின்வாயில் பூசி, அதன்மேல் அசெற்றைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதியத்தை ஒட்டவைப்பார்கள். நம் நரம்பிலும் பூச்சியின் நரம்பிலும் இருப்பது இதுதான். அசெற்றைல்தயோகோலின் என்ற சேர்வையைக் கொடுத்தால் நொதியம் அதை உடைத்துத் தயோகோலின் ஆக்கும். வெளிச்சம் பட்டதும் துகளிலிருந்து இலத்திரன் கிளம்பும். காலியான இடத்தைத் தயோகோலின் நிரப்பிக்கொண்டே இருக்க, மின்னோட்டம் ஓடும். ஓர்கனோபொஸ்பேட்டு என்ற பொசுபரசு சேர்ந்த பூச்சிமருந்து வகை கலந்திருந்தால் நொதியம் முடங்கும், மின்னோட்டம் இறங்கும். கொடுப்பது வெளிச்சம், அளப்பது மின்னோட்டம் என்பதால் வேண்டாத இரைச்சலும் குறைவு. (கட்மியமே நஞ்சு என்பது வேறு விஷயம்! அதனால் டைட்டேனியம் ஈரொட்சைட்டு, பிஸ்மத் சேர்வைகள் என்று தேடுகிறார்கள்.)

எந்த மருந்து என்று அது சொல்லாது. செம்பு, பாதரசம் இருந்தாலும் நொதியம் முடங்கத்தான் செய்யும். பலர் இதைக் குறை என்பார்கள். மாடு குடிக்கலாமா என்று கேட்பவனுக்குப் பெயர்ப் பட்டியல் எதற்கு என்பேன் நான்.

ஆனால் ஒரு சிக்கல். அந்த வகையில் மலத்தியன், குளோர்பைரிபொஸ் போன்ற மருந்துகள் போத்தலில் இருக்கும் வடிவில் இந்த நொதியத்தை அவ்வளவாகத் தொடா. உடம்புக்குள் போய், ஈரலில் கந்தகம் கழன்று ஒட்சிசன் ஏறிய பிறகுதான் கடுமையான விஷமாகும். தண்ணீரை முதலில் ஒட்சியேற்றாமல் கருவியில் விட்டால், பயமில்லை என்று பொய் சொல்லிவிடும். கலங்கல் தண்ணீர் வெளிச்சத்தை மறைப்பதும் உண்டு, நம் வாய்க்காலைத்தான் உனக்குத் தெரியுமே.

கொட்டியாரக்குடாப் பக்கத்து உப்புத் தண்ணீர் என்றால் இன்னொரு வழி, ஒளிரும் கடல் பக்றீரியாவை வைத்துப் பார்ப்பது. நஞ்சு பட்டால் 30 நிமிடத்துக்குள் அதன் வெளிச்சம் மங்குவதை அளப்பார்கள். ஐஎஸ்ஓ 11348 என்று அதற்குச் சர்வதேசத் தரமும் உண்டு.

சரி, தம்பியாரிடம் மருந்துப் போத்தலின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல். ஒட்சியேற்ற வேண்டிய சாதியா இல்லையா என்று அதைப் பார்த்தால்தான் தெரியும். மச்சாளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்